விடால் முதல் திண்ணை வரை: ஊரார் காத்த பள்ளிகளின் வரலாறு

வந்தவாசியைச் சுற்றியுள்ள ஊர்கள் தமிழ்ச் சமணர் பலருக்குப் பிறந்த மண்ணாகும். அவ்வட்டாரத்தில் வேடல் என்னும் சிற்றூர் உள்ளது. ஊரை ஒட்டிய பாறைக் குன்றில் இயற்கையாய் அமைந்த குகைகள் இருக்கின்றன. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்குவதற்கு ஏற்ற அந்த இடத்தில் இன்று மாணவர் எவரும் இல்லை. பாடம் சொல்லும் ஒலியும் இல்லை. ஆயினும் ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பெரிய கல்வி நிலையம் இயங்கியது என்பதற்குப் பாறையே சான்று பகர்கின்றது.

வேடலின் பழைய பெயர் விடால். மாதேவி ஆராந்திமங்கலம் என்ற பெயரும் அதற்கு வழங்கிற்று. அங்குள்ள கல்வெட்டு, இராசகேசரிவர்மன் என்னும் சோழ மன்னனின் 14ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டது. இம்மன்னனை முதலாம் ஆதித்தன் எனக் கொண்டு, கல்வெட்டின் காலம் கி.பி. 885ஐ ஒட்டியது என்று அறிஞர் கணிப்பர். விடால் குணகீர்த்தி படாரரின் மாணாக்கியார் கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவியை அது குறிப்பிடுகின்றது. குரத்தி என்பது குரு என்னும் சொல்லின் பெண்பால். அறம் உணர்த்தும் ஆசிரியையைக் குறிப்பது. அவரிடம் ஐந்நூற்றுவர் மாணாக்கியராய் இருந்தனர். அவர்களுக்கும் துறவியர் நானூற்றுவருக்கும் இடையே இணக்கமின்மை தோன்றியபோது, அவ்வூர் மக்கள் முன்வந்தனர். குரத்தியாரையும் அவருடைய மாணாக்கியரையும் தாமே காப்பதாகவும் அவர்களுக்குத் தாமே சோறிடுவதாகவும் உறுதி கூறி, அதனைக் கல்லில் வெட்டுவித்தனர்.

ஐந்நூற்றுவர் என்பது தலைக்கணக்காயினும் குழுப்பெயராயினும், பெண்ணொருவர் தலைமையில் பெண்கள் கூடிக் கற்ற நிலையம் ஒன்று 9ஆம் நூற்றாண்டுத் தொண்டை நாட்டில் இருந்தது என்பதில் ஐயமில்லை. அதனினும் கருதத்தக்கது மற்றொன்று. இக்கல்வெட்டில் பேசுவது அரச ஆணை அன்று, ஊராரின் வாக்குறுதி. பள்ளி நிலைக்க வேண்டுமாயின் அதற்கு யார் பொறுப்பு என்னும் வினாவுக்கு அவ்வூரார் அன்று அளித்த விடை அது. தமிழகத்தில் தோன்றி வளர்ந்து மூடிய பள்ளிகளின் வரலாறு முழுவதையும் இந்த விடையைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

பள்ளி என்னும் சொல்

இன்று தமிழர் அனைவரும் குழந்தைகள் கற்கும் இடத்தைப் பள்ளி என்றும் பள்ளிக்கூடம் என்றும் வழங்குகின்றனர். படுக்கை என்பது இச்சொல்லின் பழைய பொருள்களுள் ஒன்று. குன்றுகளின் குகைத்தளங்களில் துறவியர் தங்குவதற்குக் கல்லிலேயே படுக்கைகள் செதுக்கித் தரப்பட்டன. அவற்றின் மேல் தமிழி எழுத்தில் கொடையாளரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்துக் கல்வெட்டுகள் இவற்றுள் மிகப் பழையவை. பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரும், கணிநந்தன் என்னும் துறவியின் பெயரும், பள்ளி என்னும் சொல்லின் பழைய வடிவமும் அங்கே ஒருங்கே காணப்படுகின்றன. வெள்ளறை என்னும் ஊரைச் சேர்ந்த வணிகர் குழுவினர் அளித்த கொடையும் அவ்விடத்திலேயே பதிவாகியுள்ளது.

துறவியர் தங்கிய இடம் பள்ளி எனப்பட்டது. துறவியரிடம் இல்லறத்தார் சென்று அறம் கேட்டனர். எழுத்தும் எண்ணும் இலக்கணமும் மருத்துவமும் கற்றனர். இவ்வாறு உறைவிடம் கல்வியிடமாயிற்று. பௌத்தர் உறைவிடமும் பள்ளி எனப்பட்டதாதலின், இச்சொல் வளர்ச்சியில் அவர்களுக்கும் பங்குண்டு. சமணருடைய நான்கு தானங்களான ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் ஆகியவற்றுள் உணவும் மருந்தும் கல்வியும் அடைக்கலமும் ஒன்றாய் எண்ணப்படுதல் இங்கு நினைக்கத்தக்கது. பள்ளி இந்நான்கும் ஒருசேரக் கிடைத்த இடமாகும். விடால் ஊரார் குரத்தியாரைக் காப்பதாகக் கூறியது அபயம். சோறிடுவதாகக் கூறியது ஆகாரம். அவற்றால் நிலைத்தது சாத்திரம்.

பாடலிபுரத்துப் பள்ளி

கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூருக்குப் பாடலிபுரம் என்னும் பெயர் உண்டு. சர்வநந்தி என்னும் முனிவர் இவ்வூரில் இருந்து லோகவிபாகம் என்னும் பிராகிருத நூலை எழுதி முடித்தார். சக ஆண்டு 380, காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு என்று அந்நூலின் காலம் குறிக்கப்பட்டுள்ளது; அது கி.பி. 458 ஆகும். உலகின் அமைப்பையும் காலப் பிரிவையும் சமண நெறிப்படி விளக்கும் நூல் இது. மூலநூல் மறைந்தது. சிம்மசூரி என்பார் செய்த வடமொழி வடிவமே இன்று எஞ்சியுள்ளது.

இவ்வொரு நூலால் இரு துறைகள் பயன் பெற்றன. தொடக்ககாலப் பல்லவரின் கால வரிசையை உறுதி செய்ய வரலாற்றாசிரியர் இக்குறிப்பையே துணையாகக் கொள்வர். எண்களைச் சொற்களால், இடமதிப்பு முறையில், சுழியத்தையும் சேர்த்துக் குறிக்கும் மிகப் பழைய நூல்களுள் ஒன்றாகக் கணித வரலாற்றாசிரியர் இதனைக் கொள்வர். பாடலிபுரத்துப் பள்ளியில் சமய நூலோடு கணக்கும் வானியலும் பயிலப்பட்டன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

திருநாவுக்கரசர் தம் இளமையில் தருமசேனர் என்னும் பெயருடன் இப்பள்ளியில் தங்கிச் சமண நூல்களைக் கற்று அங்கே தலைமையும் பெற்றார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. பின்னர் அவர் சைவம் சார்ந்ததையும், பல்லவ மன்னன் பாடலிபுரத்துப் பள்ளிகளை இடித்து அக்கற்களால் திருவதிகையில் குணதரவீச்சரம் என்னும் கோயிலை எடுத்ததையும் அந்நூலே கூறும். பாடலிபுரத்துப் பள்ளி மூடிய செய்தி இவ்வாறு பிறர் நூலின் வழியாகவே கிடைக்கின்றது. ஆயினும் அச்செய்திக்குள்ளேயே அப்பள்ளியின் பெருமையும் அடங்கியுள்ளது. தமிழ் உலகம் போற்றும் ஒரு பெருங்கவிஞர் கற்ற இடம் அது என்பதை அப்பள்ளியைத் துறந்தோர் மரபே மறவாது எழுதிவைத்தது.

பெண்பள்ளி

விடால் நிலையம் தனித்த ஒன்றன்று. ஆற்காட்டிற்கு அருகிலுள்ள விளாப்பாக்கத்தில் முதலாம் பராந்தக சோழனின் 38ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது, காலம் கி.பி. 945. திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணாக்கியார் பட்டினிக் குரத்தியார் அங்கே கிணறு ஒன்று வெட்டுவித்தார். அக்கிணறும் அதனைச் சார்ந்த வீடும் பெண்பள்ளியாக ஏற்படுத்தப்பட்டன. அதனை மேற்பார்க்கும் பொறுப்பு இருபத்துநால்வர் என்னும் ஊர்க்குழுவிடம் விடப்பட்டது. பெண்பள்ளி என்னும் சொல்லே அக்கல்வெட்டில் இடம்பெற்றுள்ளது. பெண்கள் தங்கிக் கற்கும் இடத்திற்கு முதலில் வேண்டுவது நீர் என்றறிந்து கிணற்றிலிருந்து அந்த ஆசிரியை தொடங்கியது அவருடைய நடைமுறை அறிவைக் காட்டும்.

தென்கோடியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறாலில், திருச்சாரணத்து மலை உள்ளது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், பேரையக்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கியார் குணந்தாங்கிக் குரத்திகள் இம்மலையில் உள்ள படாரியாருக்குப் பொன் அணி வழங்கினார். கழுகுமலையில் ஏறத்தாழ நூறு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தோரின் பெயர்களும் ஊர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆசிரியருக்காக மாணாக்கர் செய்வித்தவையும் மாணாக்கருக்காக ஆசிரியர் செய்வித்தவையும் அவற்றுள் உண்டு. திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார் எனப் பெண் ஆசிரியர் பலரின் பெயர்கள் அங்கே வரிசையாய் உள்ளன. துறவியரோடு உழவரும் கைவினைஞரும் அவ்வுருவங்களைச் செய்வித்தனர்.

கழுகுமலைக் கல்வெட்டு ஒன்று, சித்தாந்தம் உரைக்கும் குணசாகர படாரர் உள்ளிட்ட துறவியர் பதின்மருக்கு உணவளிக்க விடப்பட்ட கொடையைக் கூறுகின்றது. பாடம் நடைபெற வேண்டும் என்பதற்காகவே விடப்பட்ட கொடை அது. ஆசிரியரின் சம்பளமும் மாணவரின் விடுதிச் செலவும் அக்காலத்தில் இவ்வாறு நெல்லும் சோறுமாகவே அமைந்தன.

பள்ளிகள் மூடிய காரணங்கள்

இத்துணைப் பள்ளிகள் எவ்வாறு மறைந்தன? சமயப் பூசல் ஒரு காரணம் என்பதை மறுக்க இயலாது. பக்தி இயக்கம் வளர்ந்தபோது அரசர் ஆதரவு பெரிதும் சைவ, வைணவக் கோயில்களை நோக்கித் திரும்பியது. ஆயினும் அது ஒன்றையே காரணமாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. விடால் கல்வெட்டும் கழுகுமலைக் கல்வெட்டுகளும் பெண்பள்ளியும் பக்தி இயக்கம் ஓங்கிய நூற்றாண்டுகளுக்கு உள்ளேயும் அவற்றின் பின்னும் எழுந்தவையே. சோழ மன்னர் காலத்திலேயே, முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவையார் பெயரால் போளூருக்கு அருகிலுள்ள திருமலையில் குந்தவை சினாலயம் எழுந்தது.

பள்ளிகளுக்கு விடப்பட்ட இறையிலி நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. அந்நிலத்தின் விளைவே பள்ளியின் உயிர். அவ்வருவாய் எவ்வாறு குன்றியது என்பதற்கு ஆற்காட்டுப் பகுதியின் பஞ்சபாண்டவ மலைக் கல்வெட்டு நல்ல சான்றாகும். இம்மலையே முன்னர்க் கூறிய திருப்பான்மலை. பெண்பள்ளியை ஏற்படுத்திய பட்டினிக் குரத்தியாரின் ஆசிரியர் வாழ்ந்த இடம். அம்மலைக்குரிய பள்ளிச்சந்தம் கூரகன்பாடி என்னும் ஊர். இலாட அரசர் முன்பு அவ்வூரில் கற்பூர விலை என்னும் வரியைத் தமக்கென வாங்கிவந்தனர். அதனால் பள்ளிச்சந்தம் சீர்கெட்டது. முதலாம் இராசராசனின் 8ஆம் ஆட்சியாண்டில், இலாட அரசன் வீரசோழனின் தேவி இலாடமாதேவியார் தம் கணவரிடம் விண்ணப்பம் செய்தார். அவ்வரியையும் முறையற்ற தண்ட வரியையும் கோயிலுக்கே விடுமாறு வேண்டிப் பெற்றார். அக்காலத்துப் பள்ளிகளுக்கு நேர்ந்த கேட்டின் இயல்பு இதனால் விளங்கும். எவரும் இடிக்கவில்லை, எவரும் விரட்டவில்லை. பள்ளிக்கு உரியது சிறிது சிறிதாக வேறிடம் சென்றது. அதனைக் கண்டு கேட்பதற்கு ஒருவர் இருந்ததனால் அங்கே மீட்சி கிடைத்தது. கேட்பார் இல்லாத இடங்களில் விளக்கு அவிந்தது.

ஊர் மாறியதும் ஒரு காரணம். வணிகப் பெருவழிகள் மாறியபோது கொடையாளர் வேறு நகரங்களுக்குப் பெயர்ந்தனர். குடும்பங்கள் வேறு சமயம் சார்ந்தபோது மாணாக்கர் குறைந்தனர். திருச்சாரணத்து மலைக்கோயில் பிற்காலத்தில் பகவதி கோயிலாயிற்று. அங்குத் தீர்த்தங்கரர் உருவங்கள் இன்றும் பாறையில் உள்ளன. விடாலில் ஊரார் கொடுத்த உறுதி எந்தத் தலைமுறையில் தளர்ந்தது என்பதைச் சொல்லும் கல்வெட்டு இல்லை. பள்ளி திறப்பதைக் கல்லில் எழுதுவோர் உண்டு. பள்ளி மூடுவதை எழுதுவோர் இல்லை.

மூடியபின் எஞ்சியவை

பள்ளி மூடினும் பாடம் உடனே மறைவதில்லை. சினகாஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றம் அதற்குச் சான்று. அங்கே மல்லிசேன வாமனரும் அவர் மாணாக்கர் புட்பசேனரும் வாழ்ந்தனர். மேருமந்தர புராணத்தை இயற்றியவரும், நீலகேசிக்குச் சமய திவாகரம் என்னும் உரை கண்டவரும் வாமன முனிவரே என்பர். புட்பசேனரின் மாணாக்கரும் விசயநகர அரசின் அமைச்சருமான இருகப்பர், ஆசிரியர் விருப்பத்திற்கிணங்க 1387-88இல் அக்கோயிலில் சங்கீத மண்டபம் கட்டுவித்தார். தொண்டை நாட்டில் பல பள்ளிகள் மறைந்துவிட்ட காலத்தில் எழுந்தது அம்மண்டபம். காஞ்சி மடம் பின்னர்த் திண்டிவனத்தை அடுத்த மேல்சித்தாமூருக்குப் பெயர்ந்தது. இடம் மாறினும் ஆசிரியர் மரபு அறவில்லை.

சமண ஆசிரியர் இயற்றிய பாடநூல்கள் அதனினும் நெடுந்தொலைவு பரவின. கொங்கு நாட்டுச் சனகை என்னும் சீனாபுரத்தைச் சேர்ந்த பவணந்தி முனிவர், சீயகங்கன் என்னும் கங்கர்குலத் தலைவனின் வேண்டுகோளுக்கு இணங்க நன்னூலைச் செய்தார். எழுத்தும் சொல்லும் கூறும் அவ்விலக்கணத்தின் முகப்பிலேயே, ஆசிரியருக்கும் மாணாக்கருக்கும் உரிய இயல்புகள் வகுக்கப்பட்டுள்ளன. நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவை உவமை. மாணாக்கருள் தலையாயோர் அன்னமும் பசுவும் போல்வர். இடையாயோர் மண்ணும் கிளியும் போல்வர். கடையாயோர் ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போல்வர். பல ஆண்டுகள் வகுப்பில் நின்று பிள்ளைகளை உற்று நோக்கிய ஒருவராலேயே இவ்வாறு எழுதல் கூடும். பள்ளிக் கட்டடம் ஒன்றுகூட எஞ்சாமற் போயிருப்பினும், தமிழ்ச் சமணப் பள்ளியின் வகுப்பறை எவ்வாறு இருந்தது என்பதை இப்பகுதி ஒன்றே காட்டிவிடும்.

மண்டல புருடர் தம் ஆசிரியர் குணபத்திரரை வணங்கிச் சூடாமணி நிகண்டை இயற்றினார். பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்த அந்நூல் சொற்பொருளை மனப்பாடம் செய்வதற்கு ஏற்ற விருத்தப்பாவால் ஆனது. ஒரு சொற்குப் பல பொருள் கூறும் பதினோராம் தொகுதி திண்ணைப் பள்ளிகளில் தனியே பயிலப்பட்டது. அச்சுக்கலை பரவியபின் தனி நூலாகவும் பலமுறை வெளிவந்தது. சைவரும் வைணவரும் பிறரும் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தபோது அப்பிள்ளைகளின் கையில் இருந்தவை சமண முனிவரின் இலக்கணமும் சமணப் புலவரின் நிகண்டுமே. சமணப் பள்ளிகள் மூடின. அவற்றின் பாடநூல்களோ தமிழகத்துப் பள்ளிகள் அனைத்திலும் புகுந்தன.

திண்ணைகளும் மூடின

அத்திண்ணைப் பள்ளிகளும் ஒருநாள் மறைந்தன. சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822இல் நாட்டுக் கல்வியின் நிலையைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய விவரங்களைத் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் உயர்கல்வி நிலையங்களும் இருந்தன. அவற்றில் 1,88,650 மாணாக்கர் பயின்றனர். அப்போதைய மக்கள்தொகை 1,28,50,941. ஏறத்தாழ ஆயிரவருக்கு ஒரு பள்ளி என்பது அவர் கண்ட கணக்கு.

திண்ணைப் பள்ளியின் ஆசிரியருக்குப் பெரும்பாலும் ஊராரே படியளந்தனர். அறுவடைக் காலத்தில் நெல்லும், நவராத்திரியில் பிள்ளைகள் வீடுதோறும் கோலாட்டம் அடித்துப் பாடிப் பெற்று வந்த பணமும் துணியும் அவருக்கு வாழ்க்கைப் பொருளாயின. மணலில் விரலால் எழுதி, ஓலையில் எழுத்தாணியால் எழுதி, எண்சுவடியை முறைவைத்துச் சொல்லிப் பிள்ளைகள் கற்றனர். மூத்த மாணாக்கனான சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொன்னான். விடாலில் ஊரார் சோறிட்ட வழக்கமே ஆயிரம் ஆண்டு கடந்து வேறு வடிவில் இங்குத் தொடர்ந்தது எனலாம்.

1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கைக்குப் பின் அரசு வகுத்த பாடத்திட்டத்தையும் ஆய்வையும் ஏற்ற பள்ளிகளுக்கே நிதியுதவி கிடைத்தது. அச்சிட்ட பாடநூலும் தேர்வும் அரசு வேலையும் ஒன்றோடொன்று இணைந்தன. பெற்றோர் பிள்ளைகளைப் புதிய பள்ளிகளுக்கு அனுப்பினர். திண்ணை ஆசிரியரின் களஞ்சியம் வெறுமையாயிற்று. புதிய பள்ளிகளால் விளைந்த நன்மை பெரிது. முன்பு கல்வி மறுக்கப்பட்ட பலருக்கு அவற்றின் வாயில் திறந்தது. ஆயினும் பள்ளி ஊரின் பொறுப்பு என்னும் எண்ணம் அப்போதுதான் தளரத் தொடங்கியது என்பதும் உண்மையாகும்.

கும்பகோணத்து இல்லம்

19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நிகழ்ந்த ஒன்று இவ்வரலாற்றுக்கு நிறைவு தருகின்றது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்த உ.வே. சாமிநாதையரிடம், அவ்வூரில் முன்சீபாய் இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் 1880இல் சீவக சிந்தாமணியைப் பற்றி வினவினார். பெரும்புலவரிடம் பல்லாண்டு பயின்ற ஐயர் அந்நூலை அதுவரை கற்றதில்லை. ஏட்டைப் பெற்றுப் படித்தபோது சமண சமயக் கருத்துகள் பல அவருக்கு விளங்கவில்லை. விளக்கம் தருவோரைத் தேடி அவர் கும்பகோணத்துச் சமணர் வாழும் தெருவுக்குச் சென்றார்.

அவர் சென்ற வேளையில் அங்கு ஓர் இல்லம் விழாக்கோலம் பூண்டிருந்தது. என்ன விழா என்று வினவியபோது, சிந்தாமணியைப் படித்து நிறைவு செய்த விழா என்று விடை வந்தது. தமிழ்க் கல்லூரியும் தமிழ்ப் புலவரும் மறந்திருந்த நூலை, வணிகம் செய்து வாழ்ந்த இல்லறத்தார் தம் வீட்டில் முறையாய் ஓதிப் பொருள் கேட்டு, முடித்தபோது பூசையும் நடத்திக்கொண்டிருந்தனர். அவர்களிடம் ஐயர் பாடம் கேட்டார். சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் 1887இல் அச்சேறியது. ஐயர் பழந்தமிழ் நூல்களை ஒவ்வொன்றாய்ப் பதிப்பித்து வெளியிட்டதற்கு அப்பதிப்பே தொடக்கமாயிற்று.

பாடலிபுரமும் விடாலும் கழுகுமலையும் மூடிய பின்னும் அப்பள்ளிகளின் பாடம் அந்த இல்லத்தில் நடந்துகொண்டிருந்தது. அரசர் ஆதரவும் இல்லை, பள்ளிச்சந்தமும் இல்லை. கேட்பதற்கு ஒரு குடும்பமும் சொல்வதற்கு ஒரு முதியவரும் இருந்தமையால் பள்ளி இருந்தது. தமிழ்ச் சமணர் தம் கோயிலில் பூசை செய்வோரை உபாத்தியாயர் என்று அழைக்கும் வழக்கமும் இதன் எச்சமே. உபாத்தியாயர் என்னும் சொல்லுக்குக் கற்பிப்பவர் என்பதே பொருள்.

சுருத பஞ்சமி நாளின் பொருள்

கல்வி மறைந்துவிடுமோ என்னும் அச்சம் சமண மரபுக்குப் புதிதன்று. முதுமையுற்ற தரசேனாசாரியார், தாம் அறிந்த ஆகமப் பகுதி தம்மோடு அழிந்துவிடும் என்று அஞ்சினார். கிர்நார் மலைக் குகையில் இருந்த அவர், புட்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவரை வரவழைத்துக் கற்பித்தார். பாடம் முடிந்தபின் அவ்விருவரும் தெற்கே வந்தனர். அவர்களுள் பூதபலி தமிழகமாகிய திரமிள தேசம் சென்றார் என்று தவளா உரை கூறுகின்றது. அவர்கள் எழுதிய சட்கண்டாகமம் நிறைவுற்ற நாளே சுருத பஞ்சமியாகக் கொண்டாடப்படுகின்றது. ஒரு குகைப்பள்ளி மூடுமுன் அதன் பாடம் இரு மாணாக்கர் வழியே வெளியேறிய நாள் என்று அதனைச் சொல்லலாம்.

இன்று தொண்டை நாட்டுச் சமண ஊர்கள் பலவற்றில் இளையோர் கல்விக்கும் தொழிலுக்கும் நகரங்களுக்குப் பெயர்ந்துள்ளனர். பிள்ளைகள் குறைந்த ஊர்களில் தொடக்கப் பள்ளிகள் வேறு பள்ளிகளோடு இணைவதையும் பூட்டப்படுவதையும் காண்கின்றோர் பலர். முதன்முதலாக எழுத்தறிந்த வகுப்பறை, மணி தொங்கிய வேப்பமரம், பெயர் சொல்லி அழைத்த ஆசிரியர் ஆகியவை ஒரு தலைமுறையின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. அந்நினைவை எழுதிவைக்காவிடில் விடாலுக்கு நேர்ந்ததே அவற்றுக்கும் நேரும். விடாலுக்குக் கல்வெட்டாவது எஞ்சியது.

எனவே விழா நாட்களில் சொந்த ஊர் செல்லும் குடும்பங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. ஊரில் எந்தத் திண்ணையில் பள்ளி நடந்தது, யார் கற்பித்தார், யார் படியளந்தார், எப்போது மூடியது என்பவற்றை முதியோரிடம் கேட்டுக் குறித்தல் ஒன்று. வீட்டுப் பரணில் உள்ள ஏடுகளையும் பழைய அச்சுநூல்களையும் வெளியே எடுத்துத் தூசு தட்டிப் பெயரெழுதி வைத்தல் மற்றொன்று. வேடல், விளாப்பாக்கம், திருமலை, திருப்பருத்திக்குன்றம் ஆகிய இடங்களுக்குப் பிள்ளைகளை, சிறப்பாகப் பெண்பிள்ளைகளை, அழைத்துச் சென்று அங்கே கற்பித்த குரத்தியாரின் பெயர்களைச் சொல்லித் தருதல் வேறொன்று.

போளூரை அடுத்த திருமலையில், குந்தவை சினாலயத்தின் நிழலில், இன்று அருகந்தகிரி மடம் அமைந்து அங்கே மாணவர் தங்கிக் கற்கின்றனர். மூடிய பள்ளி மீண்டும் திறக்கும் என்பதற்கு அது சான்று. வேடல் குன்றிலும் கல்வெட்டு அழியாமல் இருக்கின்றது. குரத்தியாரையும் அவர் பிள்ளைகளையும் காத்துச் சோறிடுவோம் என்று ஊரார் கூறிய சொல் அங்கே இன்றும் படிக்கும் நிலையில் உள்ளது.